முனிசாமி வீடு வந்தார்

பட்டுக்கடை மெத்தையில் உட்கார்ந்து முனிசாமி தன் ஆயுசில் அதிகமாகச் சொன்ன வார்த்தை சாமி பேரும் இல்லை, பெண்டாட்டி பேரும் இல்லை. பாடிதான். "பாடி ப்ளெயின்தாம்மா, பார்டர்தான் ரிச்சு." "பாடியில புட்டா வேணுமா, கட்டம் வேணுமா?" "இந்தப் பாடிக்கு அந்த முந்தி எடுக்காது, நான் சொல்றதக் கேளுங்க." காஞ்சிபுரத்தில் சேலை விற்கிறவர்கள் கரையையும் முந்தியையும் ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருக்கிற சேலை முழுவதையும் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குள் மடித்து வைத்துவிடுவார்கள். வாங்க வருகிறவர்களுக்கும் அது சட்டென்று புரிந்துவிடும்.

பெண்டாட்டி ஜெயம்மாளுக்குத்தான் புரியவில்லை. அவள் பிறந்தது பக்கத்துக் கிராமமான கூரத்தில். அங்கே பாடி என்றால் பெண்பிள்ளைகள் ரவிக்கைக்கு உள்ளே போடுவது. துவைத்தால்கூடக் கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவார்கள். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம், புருஷனுக்குச் சோற்றுக்கூடையை எடுத்துக்கொண்டு ஆசை ஆசையாகக் கடைப்படி ஏறினாள். தாலி கட்டிய ஈரம் காயாத அந்த மனுஷர், முன்பின் தெரியாத ஒரு ஆந்திராக்காரம்மாளிடம் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "உங்க நெறத்துக்குப் பாடி பச்சையில போட்டா தூக்கலா இருக்கும்மா. எடுத்துக் காட்டட்டா?"

ஜெயம்மாள் கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். முனிசாமி வீடு திரும்பியபோது அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் என்ன என்று விளங்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவளுடைய கல்யாணச் சேலையைப் பாயில் விரித்துப்போட்டு, "இது கரை, இது முந்தி, இதான் பாடி. பாடின்னா உடம்பு ஜெயா. சேலைக்கு ஒடம்பு" என்று காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து அவளைச் சீண்டவேண்டும் என்றால் அவருக்கு வேறு ஆயுதம் தேவைப்படவில்லை. "இன்னிக்கி எத்தினி பாடி வித்தேன் தெரியுமா?" என்றபடியே செருப்பைக் கழற்றுவார். அவள் கரண்டியை ஓங்குவாள். மகள் ஜீவிதா வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகும் இந்தக் கூத்து நிற்கவில்லை.

பொல்லாத வார்த்தை அது. பஸ்ஸுக்கும் பாடி, லாரிக்கும் பாடி. எதிர்வீட்டுப் பையன் ஜிம்முக்குப் போய் ஏற்றிக்கொண்டிருப்பதும் பாடி. இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். கடைசியாக ஒன்று இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. பிணம் என்று சொன்னால் நாக்கு சுட்டுவிடும் என்று நம் ஜனங்கள் நாசூக்காக அதையும் இங்கிலீஷில் சொல்லப் பழகிக்கொண்டார்கள். நேற்றுவரை அண்ணன், மாமா, சார் என்று கூப்பிட்ட வாய், மூச்சு நின்ற நிமிஷத்திலிருந்து பாடி என்கிறது. மனுஷனுடைய பேர் போயிற்று, உறவு போயிற்று, மரியாதைகூடப் போயிற்று. 'வந்துட்டாரா' என்று யாரும் கேட்பதில்லை. 'பாடி வந்துடுச்சா' என்றுதான் கேட்கிறார்கள்.

ஜெயம்மாளுக்கும் அந்தக் கடைசிப் பாடியைக் கண்டால் ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் அவர்கள் தெருமுனையில் கலியாணசுந்தரம் என்று ஒரு பூ வியாபாரி குடியிருந்தார். வாடகை வீடு. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வீட்டுக்காரர்கள் வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் வெளியிலிருந்து பாடி வரக்கூடாதாம். உள்ளேயே செத்தால் வேறு பேச்சு, அது விதி. செத்து வருகிறவரை உள்ளே விட்டால் வீட்டுக்கு ஆகாது. இந்த ஊரில் எழுதிவைக்காத சட்டம் இது. அந்த மனுஷரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தெருவோரம் இறக்கினார்கள். மழை தூறியது. பெண்டாட்டி பிள்ளைகள் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்கள். முனிசாமி போய்ப் பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிப் பெட்டி நனைந்தால் என்ன, யாருக்கு என்ன நஷ்டம்? ஆனாலும் பிடித்தார்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போது சொன்னார்: "நமக்கும் சொந்த வூடு இல்ல ஜெயா. முசரவாக்கத்துல இருந்ததையும் ரோடு போட எடுத்துக்கினாங்க. எனக்கு இன்னா ஆனாலும் உசுரோட வூட்டுக்குள்ள இட்டுக்கினு வந்துடு. நம்ம கூரைக்குக் கீழ படுத்து, நீ தண்ணி ஊத்தி, அப்பறம் நான் போவணும். தெருவுல மட்டும் படுக்க வெச்சிடாத."

"வாய கழுவுங்க" என்றாள் ஜெயம்மாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் தங்கிவிட்டது.

இந்த வருஷம் முனிசாமிக்கு இருதயம் வீங்கிப்போயிற்று. கால் வீங்கி, முகம் வீங்கி, நாலு சேலை பிரித்துப் போடுவதற்குள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் உள்ளே கிடந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் வேல்முருகன் தன் மகள் கல்யாணத்துக்கு வாசலில் பந்தக்கால் நட்டார்.

வேல்முருகன் கெட்டவர் இல்லை. எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் வரவில்லை என்றால் தானே மோட்டாரைத் திறந்து பார்ப்பார். முனிசாமியை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மகளுக்கு மூன்று நாலு வரன் தட்டிப்போய், ஜோசியர்கள் படுத்திய பாட்டில் மனுஷர் பாதியாய் இளைத்து, இப்போதுதான் ஒன்று கூடி வந்திருக்கிறது. ஜெயம்மாள் வீட்டுக்கு மாற்றுப்புடவை எடுக்க வந்தபோது, மஞ்சள் பூசிய பந்தக்கால் பக்கத்தில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதக்கா. அண்ணன் உசுரோட வரட்டும், எத்தினி மாசம் வேணா படுத்திருக்கட்டும், நான் பாத்துக்கறேன். பாடியா மட்டும் வந்துடக் கூடாது. சம்பந்தி வூட்டுக்காரங்க வந்துக்கினும் போய்க்கினும் இருக்காங்க. எங்க நெலமையையும் பாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கி வைத்துச் சோறு ஊட்டியவள் அவள். "அவுரு நடந்தே வருவாரு பாரு" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன வயசு. கண்ணைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "வீட்டுல வெச்சிக்கணும்னா இப்பவே கூட்டிட்டுப் போங்கம்மா. லேட் பண்ணா பாடியாதான் கையில குடுப்போம்."

ஜெயம்மாள் அழுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டு மகளைக் கிளம்பச் சொன்னாள். அப்புறம் அப்துல் சத்தாருக்குப் போட்டாள். சத்தார் பாய் அவர்கள் தெரு ஆட்டோக்காரர். கடைக்கு நேரமாகிவிட்ட நாட்களில் முனிசாமி அவர் ஆட்டோவில்தான் போவார். ஆம்புலன்ஸ் என்றால் தெருவே வாசலுக்கு வந்துவிடும், ஆட்டோ என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

காகிதமெல்லாம் முடிந்து மத்தியானத்துக்கு மேல் ஆட்டோவில் ஏற்றும்போது முனிசாமிக்கு நல்ல நினைவு இருந்தது. மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டதால் வாயால் மூச்சு விட்டார். கழுத்தில் மப்ளரைச் சுற்றி, தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஜெயம்மாள் உட்கார்ந்தாள்.

"வூட்டுக்கா?" என்றார்.

"வூட்டுக்குத்தான். பேசாத வாங்க."

வண்டி காந்தி ரோட்டில் திரும்பியது. முகூர்த்த நாள் நெருங்கியிருந்ததால் பட்டுக்கடைகளின் வாசலில் கார்களும் வேன்களும் அடைத்துக்கொண்டு நின்றன. அவர் வேலை பார்த்த கடையைத் தாண்டும்போது ஜெயம்மாள், "இன்னாங்க, உங்க கடை" என்றாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்குக் கட்டியிருந்த சேலையில் பார்வை நின்றது. உதடு லேசாக அசைந்தது. என்ன சொல்ல வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் தாண்டி, போக்குவரத்து நெரிசலில் வண்டி நின்றபோது, தோளில் இருந்த தலை ஒரு சுற்று கனத்தது. கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு படவில்லை.

ஜெயம்மாள் காத்திருந்தாள். அடுத்த மூச்சு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் தெருவே கேட்கும்படி கிளம்பும் குரல். வாயைத் திறந்தால் இவர் பாடி. வண்டி திரும்பும், இல்லாவிட்டால் தெருமுனையில் சாக்கடை ஓரம் நிற்கும். அவள் உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்தாள். நெற்றி வேர்வையைத் துடைக்கிறவளைப்போல உள்ளங்கையால் அவர் கண்களை மூடினாள்.

சத்தார் கண்ணாடியில் பார்த்தார். பார்த்தவர் உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். உதடுகள் சத்தமில்லாமல் ஏதோ ஓதி அசைந்தன. மெல்லிசாய் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

"பாய்" என்றாள் ஜெயம்மாள். குரல் அவள் குரலாக இல்லை. "அவுரு தூங்கறாரு."

"ஆமாம்மா" என்றார் சத்தார். "நல்லாத் தூங்கட்டும். நான் வண்டிய ஆட்டாத ஓட்டறேன்."

அதுவரை அவசரமாக ஓட்டி வந்தவர், அதற்கப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை அணைத்து அணைத்து ஏற்றி இறக்கினார். ஜெயம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். ஜீவிதா பஸ் ஏறிவிட்டாள் என்றாள். ரேஷனில் இந்த மாசம் பருப்பு போடவில்லை என்றாள். பேச்சை நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்கிற பயத்தில், வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். குடும்பம் நடத்திய நாட்களில்கூட அவள் அவரிடம் இவ்வளவு பேசியது கிடையாது.

வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவைப் பார்த்ததும் வேல்முருகன் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் கவலைதான் முதலில் தெரிந்தது, அப்புறம் பயம்.

"அண்ணன் எப்டிக்கா இருக்காரு?"

"அசதியா இருக்காரு. ஊசி போட்டிருக்காங்க, தூங்கிக்கினு வராரு. ஒரு கை புடி."

சத்தார் தோளைப் பிடிக்க, வேல்முருகன் கால்களைப் பிடித்தார். தூக்கும்போது முனிசாமியின் வலது கை நழுவி விழுந்து தொங்கி ஆடியது. ஜெயம்மாள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து மார்பின் மேல் வைத்து, "கையத் தொங்கப் போடாதீங்கன்னா கேக்கறாரா இந்த மனுசன்! ஊசி போட்ட கை, வீங்கிடும்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்று திட்டினாள். புருஷனை நாலு பேர் எதிரில் திட்டும் வழக்கம் அவளுக்கு உண்டு என்பதால் மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

வேல்முருகன் கவனித்தார். அந்தக் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கால்களைப் பிடித்தபடி பந்தக்காலுக்கு நேராக நின்றுவிட்டார். வாசல் நிறைய உறவுக்காரர்கள். கல்யாணப் பெண் மருதாணி வைத்த கையோடு நடையில் நின்றுகொண்டு, "மாமா வந்துட்டாரா?" என்று எட்டிப் பார்த்தாள்.

ஜெயம்மாள் வேல்முருகனையே பார்த்தாள். இந்த மனுஷர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையெடுத்துக் கும்பிடலாம் என்றால் கை புருஷன் கையைப் பிடித்திருக்கிறது.

"மெதுவா பாய், மெதுவா" என்றார் வேல்முருகன். வாசல் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "அண்ணனுக்கு வலிக்கப் போவுது. தள்ளுங்கப்பா, வழி வுடுங்க."

நடையைக் கடந்து, பின்கட்டில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் முனிசாமியைப் படுக்க வைத்தார்கள். சத்தார் தலையணையைச் சரிசெய்தார். வேல்முருகன் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

கதவைச் சாத்துவதற்குள் அவர் மனைவி அலமு கிண்ணத்தில் கஞ்சியோடு வந்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனசோடு, உப்புப் போடாமல் வடிகட்டி எடுத்து வந்திருந்தாள். "ஆஸ்பத்திரி சாப்பாட்டுல நாக்கு செத்துப் போயிருக்கும். ஒரு வாய் குடுக்கா" என்று நின்றாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஜெயம்மாள் அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். ஒரு ஸ்பூன் எடுத்து உதட்டில் வைத்தாள். கஞ்சி உள்ளே போனது போலிருந்தது, பிறகு கடைவாய் வழியே வழிந்தது. முந்தானையால் துடைத்தாள். வாய்க்கரிசி போடவேண்டிய வாய்க்குக் கஞ்சி ஊட்டுகிறோமே என்று நினைத்தபோது அவளுக்கு உலகமே வெறுத்துப்போயிற்று. ஆனாலும் இன்னொரு ஸ்பூன் எடுத்தாள்.

"அலமு" என்று வாசற்படியிலிருந்து வேல்முருகன் குரல் கொடுத்தார். "மனுசன் சாப்டறப்ப பாத்துக்கினே நிக்காத. வா இந்தாண்ட." அவள் போன பிறகு ஜெயம்மாளைப் பார்த்து, "மெள்ளக் குடுக்கா" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. "அவசரமில்ல. மெள்ளக் குடு. கதவ சாத்திக்க." சத்தாரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

ஜெயம்மாள் தாழ்ப்பாள் போட்டாள்.

அவர் கேட்டது நடந்துவிட்டது. சொந்தக் கூரை இல்லைதான், இருந்தாலும் அவருடைய கட்டில், அவருடைய ஜன்னல். உசுரோடு வரவில்லையே தவிர, மனுஷராக வந்தார். அண்ணனுக்கு வலிக்கும் என்று வழி விட்டார்கள். இனி அழலாம் என்று வாயைத் திறந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. இப்போது கத்தினால், வரும்போதே முடிந்துபோனது என்று வெளியே நிற்கிற அத்தனை பேரும் சொல்வார்கள். வாயைக் கட்டிக்கொண்டு வழி விட்ட மனுஷருடைய மகள் கல்யாணம் நிற்கும். அதனால் முனிசாமி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். எவ்வளவு நேரம் என்பதை ஜெயம்மாள்தான் முடிவு செய்யவேண்டும். எந்தப் பெண்டாட்டிக்கும் அப்படி ஒரு வேலை வரக்கூடாது.

சட்டையை மாற்றினாள். தலை சீவினாள். பவுடர் போட்டாள். கை கால்களை நேராக நீட்டி வைத்தாள். போதும், இப்போது சொல்லிவிடலாம் என்று தாழ்ப்பாள்வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். இன்னொரு தடவை போனாள், இன்னொரு தடவை திரும்பினாள். இப்போது ஊருக்காக இல்லை. கதவைத் திறந்த கணத்திலிருந்து இவர் தன் புருஷன் இல்லை, எப்போது எடுப்பார்கள் என்று எல்லாரும் கேட்கிற ஒன்று. மூடிய கதவுக்குள் இருக்கிறவரை மட்டும்தான் முனிசாமி.

போன் அடித்தது. ஜீவிதா.

"அம்மா, வாலாஜா தாண்டிட்டேன். அப்பா வூட்டுக்கு வந்துட்டாரா?"

"வந்துட்டாரு" என்றாள் ஜெயம்மாள். அது பொய் இல்லை.

"அப்பாகிட்ட குடும்மா."

"அவுரு... அசதியா இருக்காருமா. பேச முடியாது."

"பேச வேணாம், நான் பேசறேன். காதுல வைம்மா. ஸ்பீக்கர் போடாத, அப்பாகிட்ட மட்டும் சொல்லணும். ப்ளீஸ்மா."

ஊருக்குச் சொன்ன பொய் இப்படி வீட்டுப் பிள்ளையிடமே வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. பஸ்ஸில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் எதைச் சொல்வது? ஜெயம்மாள் போனை அவர் காதில் வைத்து, விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள். மகளின் குரல் சன்னமாகக் கசிந்தது. அப்பா என்பது மட்டும் ஒரு தடவை தெளிவாகக் கேட்டது. மற்றது எதுவும் புரியவில்லை. நடுவில் சிரித்ததுபோல் இருந்தது, அழுததுபோலவும் இருந்தது. பெண் நிறுத்தாமல் வெகுநேரம் பேசினாள். ஜெயம்மாளின் கை மரத்துப்போனது. எடுக்கவில்லை.

பிறகு குரல் நின்றது. அவள் போனைத் தன் காதுக்குக் கொண்டுவந்தாள்.

"அம்மா, அப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

ஜெயம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சாப்டியான்னு கேட்டாரு."

"ஐயோ அப்பா" என்றாள் ஜீவிதா. இப்போது வெளிப்படையாகவே அழுதாள். "சாப்ட்டேன்னு சொல்லும்மா. வந்துக்கினே இருக்கேன்னு சொல்லு."

போனைக் கீழே வைத்துவிட்டு ஜெயம்மாள் அவர் பக்கம் குனிந்தாள். நெற்றியில் கை வைத்தாள். சில்லிட்டிருந்தது.

"சாப்ட்டாளாம்" என்றாள். "வந்துக்கினே இருக்காளாம்."

அப்புறம் பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்து, அவருடைய கால் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். முடிச்சு இறுகாமல் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டவேண்டியிருந்தது. அதற்கப்புறம் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.